நீலப் பென்சில்

ஆம்பூரில் கார்களுக்கு சீட் தைக்கும் மஹபூப் பாஷாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முடித்த வேலையின் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், மகள் ஃபரீதாவின் பெயரையும் அன்றைய வயதையும் நீலப் பென்சிலால் உருதுவில் எழுதிவிடுவார்.

1979 மே மாதம் வாத்தியார் சுந்தர்ராஜ், பெங்களூரில் வாங்கிய பழைய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டேஷ்போர்டின் மெத்தை வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்தக் கார் ஆம்பூருக்கு வருவது அதுவே முதல் முறை.

"பாப்பா எப்படி இருக்குது பாய்?"

"வேலூர் ஆஸ்பத்திரியிலதான் சார். ஒம்பது நாளாச்சு, ஜுரம் எறங்கல. சாயந்திரம் போகணும்."

"அப்புறம் ஏன் இன்னிக்கி வேலை?"

"கை சும்மா இருந்தா பேஜாரா இருக்குது சார்."

பாஷா திருகாணிகளைக் கழற்றி மெத்தையைத் திருப்பினார். அடியில் நீலப் பென்சில் எழுத்து மங்கிக் கிடந்தது. அவருடைய கையெழுத்தேதான். கடைசி எழுத்தை வால் போல இழுத்துவிடும் அதே வளைவு.

'ஃபரீதா, வயது நாற்பது.'

ஃபரீதாவுக்கு அப்போது ஏழு வயது.

விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா பாய், புதுசா மாத்திடலாமா?"

"வாணாம் சார். இதையே வச்சு, மேல தோல் இழுத்துடறேன்."

வெடிப்புகளை அடைத்து ஆட்டுத்தோலை ஒட்டினார். எழுத்தின்மேல் ஒரு சொட்டுப் பசை படவிடவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் எதுவும் எழுதவில்லை.

"எவ்ளோ வருஷம் தாங்கும்?"

பாஷா கடைசித் திருகாணியை முடுக்கினார்.

"முப்பத்தி மூணு வருஷத்துக்கு பயமில்ல சார்."