பெரிய பாதி

போர் விமானி தயாபரன் எதிரி நாட்டுச் சிறையில் ஒன்பது மாதம் கிடந்து உயிரோடு திரும்பியவர். அவர் இறந்து நாற்பது நாள் கழித்து, அதே கொட்டடியில் கூடக் கிடந்த இஞ்ஞாசி துக்கம் விசாரிக்க வந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்து, "முந்திக்கிட்டியேடா பாவி" என்றார். அந்த 'டா' கோமளவல்லிக்குச் சுருக்கென்றது. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள். ஒன்பது மாதத்துக்கு இவ்வளவு உரிமையா? இருந்தாலும் உட்காரவைத்துத் தோசை வார்த்துப் போட்டாள். அவர் பேசிக்கொண்டே தோசையை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைத் தட்டின் விளிம்புக்குத் தள்ளிவிட்டுச் சின்னதைத் தின்னத் தொடங்கினார். சட்னி ஊற்றப் போன அவள் கை அப்படியே நின்றது. தயாபரனும் தினம் அப்படித்தான் தள்ளிவைப்பார். ஏன் என்று அவள் கேட்டதேயில்லை. அவர் எழுந்ததும் அதே தட்டில் உட்கார்ந்து அந்தப் பாதியைத் தின்பாள். புருஷன் தனக்கென்று வைத்தது என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

"அதை ஏண்ணே ஒதுக்கிட்டீங்க?"

"ரெண்டு பேருக்கு ஒரு ரொட்டிதாம்மா போடுவானுங்க. பிய்க்கிறவன் பெருசை மத்தவனுக்குத் தள்ளணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. கை இன்னும் மறக்கல. இது தயாவுக்கு."

கோமளவல்லி குனிந்து அந்தப் பாதியை எடுத்து, நின்றபடியே வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் எச்சில் தட்டும்மா!" என்று பதறினார் அவர்.

அவள் மென்று விழுங்கினாள். "இன்னொண்ணு வார்க்கிறேன்" என்றாள். "அதையும் பிச்சு வைங்க."