அரை கிலோமீட்டர்

குஞ்சு பொரிக்கப் போகிற ஒரு கூடு எங்கே இருக்கிறது என்று, முன்பின் தெரியாதவர்களிடம் நீங்கள் சொல்வீர்களா?

“சொல்லித்தான் ஆகணும் மேடம்,” என்றார் மனோகரன் போனில். “நம்ம நெட்வொர்க்ல இருக்கற எல்லா ஏரிக்காரங்களும் மேப்பை அப்லோட் பண்ணிட்டாங்க. தண்ணி எதுவரைக்கும் நிக்குது, கோரை எங்க, கூடு எங்கன்னு எல்லாம் வந்தாச்சு. உங்க ஏரியிலதான் கூடே இல்ல.”

ஏரிகளை ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே வரைபடத்தில் விவரம் சேர்க்கிறார்கள். அந்த வேலைக்கு மனோகரன்தான் தலை. அம்பத்தூரில் ஆபீஸ். சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஏரி ஃபஸீலாவின் பொறுப்பு.

“தண்ணியும் கோரையும் அனுப்பிட்டேனே சார். கூடு மட்டும் வேணாமே.”

“எந்த ஏரியில எவ்வளவு தண்ணி இருந்தா கூடு கட்டுதுன்னு பாக்கத்தானே மேப்பே போடறோம்? கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரை விட்டுட்டு அடிச்ச மாதிரி இருக்கு.”

“போன வருஷம் ஆவடிப் பக்கம் என்ன ஆச்சு சார்?”

அங்கே ஒரு கூட்டின் இடம் வரைபடத்தில் அப்படியே வெளியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கேமராவும் கையுமாகக் கூட்டம் வந்தது. மிரண்டு பறந்த பறவை திரும்பவே இல்லை. முட்டைகளைக் காக்கா தின்றது.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்,” என்றார் மனோகரன். “என்னை நம்புங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கூடு வரலைன்னா உங்க ஏரியை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க. அப்புறம் எவனாவது ப்ளாட் போட மண்ணைக் கொட்டினா, இங்க பறவை இருக்குன்னு காட்ட உங்க கையில ஒண்ணும் இருக்காது.”

போனை வைத்துவிட்டு ஃபஸீலா கரையிலேயே உட்கார்ந்தாள். துலுக்கானம் ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார். தினமும் பூந்தமல்லியிலிருந்து அவளைக் கொண்டுவந்து விடுகிறவர். முதலில் வேடிக்கை பார்க்க நின்றவர், இப்போது கூட்டுக்கு அவரே காவல்.

“இன்னா மேடம், மூஞ்சி தொங்கிப் போய்கீது?”

“கூடு எங்கன்னு கேக்கறாங்க அண்ணே. ராத்திரியே இண்டர்நெட்ல போட்டுடுவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற.”

துலுக்கானம் கோரைப் பக்கம் பார்த்தார். அங்கே நாலு முட்டை மேல் ஒரு மயில் உள்ளான் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆண் பறவை.

“பாவம் மேடம் அது. பொம்பள முட்டய போட்டுட்டு எஸ்கேப்பு. ஆம்பள குந்திகினு அடகாக்குது. இத்த மட்டும் என் பொண்டாட்டியாண்ட சொல்லிடாத. அப்பால நான் ஆட்டோவே ஓட்ட முடியாது.”

ஃபஸீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். கூடு இருக்கும் இடம் திரையில் சிவப்புப் புள்ளியாக நின்றது.

“அண்ணே, ஒரு பொய் சொல்லப் போறேன்.”

“சொல்லு. இன்னா பொய்யி?”

“புள்ளியைத் தள்ளி வச்சு அனுப்பப் போறேன். அரை கிலோமீட்டர் தள்ளிட்டா எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. ட்ரெய்னிங்ல மனோகரன் சாரே சொல்லிக்குடுத்ததுதான்.”

“அவுரு சொல்லிக்குட்த்தத அவுராண்டயே காட்றியா? பலே ஆளு நீ. எந்தப் பக்கம் தள்ளுவ?”

அதுதான் யோசனை. தெற்கே தள்ளினால் நடு ஏரி. ஆழத் தண்ணீரில் கூடு என்றால் மனோகரனே நம்பமாட்டார். கிழக்கே பைபாஸ். மேற்கே கல்யாண மண்டபம். வடக்கே டயர் கோடவுன். அதன் பின்னால் கொஞ்சம் சேறும் கோரையும் உண்டு.

“கோடவுன் பின்னாடியே வச்சிடு,” என்றார் துலுக்கானம். “அங்க ஒரு செவல நாய் கீது. கேமராவோட எவன் வந்தாலும் கால கவ்விடும்.”

ஃபஸீலா புள்ளியை நேர் வடக்கே நகர்த்தினாள். அளந்து பார்த்து அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“வந்துடுச்சு மேடம். சரியான இடம்தானே? நகத்தி கிகத்தி வைக்கலையே?”

“சத்தியமா இல்ல சார்.”

“சந்தோஷம். இனிமே அந்தக் கூடு என் பொறுப்பு.”

போனை வைத்ததும் துலுக்கானம் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு டீ அவர் கணக்கு.

மறுநாள் காலை ஆட்டோ கரையில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. கோரை மிதிபட்டுக் கிடந்தது. இருபது பேருக்கு மேல் இருக்கும். கூட்டுக்குப் பக்கத்திலேயே கேமரா ஸ்டாண்டை ஊன்றியிருந்தார்கள். முட்டைகள் வெயிலில் அப்படியே கிடந்தன. பறவையைக் காணவில்லை.

“யோவ், எய்ந்து போங்கய்யா!” என்று துலுக்கானம் கத்திக்கொண்டே ஓடினார்.

ஒரு பையன் செல்போனை அவரிடம் நீட்டினான். “மேப்ல இங்கதான் அங்கிள் காட்டுது.”

ஃபஸீலா மனோகரனைக் கூப்பிட்டாள். “சார், கூட்டுக்கிட்டயே வந்து நிக்கறாங்க சார்!”

“சான்ஸே இல்ல மேடம்,” என்றார் மனோகரன் தூக்கக் கலக்கத்தில். “ஆவடி விஷயத்துக்கு அப்புறம் நான் ஒருத்தரையும் நம்பறதில்ல. எல்லா ஏரிக் கூட்டையும் யாருக்கும் சொல்லாம நேர் தெற்கே அரை கிலோமீட்டர் தள்ளித்தான் வெளியிடறேன்.”

கோடவுன் பின்னால் செவலை நாய் தூங்கிக்கொண்டிருந்தது.