கை தட்டாத வகுப்பு

"ஒரு பிள்ளைகூடக் கை தட்டலை, பாத்தீங்களாண்ணே? இத்தனூண்டு இருக்கறப்பவே எவ்வளவு பொறாமை!"

மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தையல்காரம்மா பொருமினாள்.

அவசரச் சட்டை ஒன்றுக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓடி வருவதற்குள் பெற்றோர் தினம் பாதி முடிந்துவிட்டது. நல்லவேளை, மகள் கதை சொல்லும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மகளும் எங்கேயும் திக்கவில்லை. என்ன, கதையில் வந்த சிங்கம்கூட ரகசியம் பேசுவதுபோலத்தான் உறுமியது.

கதை முடிந்ததும் முப்பது பிள்ளைகளும் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். சத்தமே இல்லை.

"இதென்ன, ஈ ஓட்டுதுங்களா? கூடச் சேர்ந்து பெரியவங்களும் ஓட்டறாங்க!"

"மெதுவா, தங்கச்சி" என்றார் பக்கத்திலிருந்த பால்காரர். "டீச்சர் முன்னாடியே..."

"என்னத்த மெதுவா? யாரும் தட்ட வேண்டாம். பெத்தவ நான் தட்டறேன்!"

தட்டினாள். பத்து வருஷம் கத்தரி பிடித்த கை. படார் படாரென்று சுவர் அதிர்ந்தது.

முன்வரிசையில் ஒரு சிறுமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு டெஸ்குக்கு அடியில் புகுந்தாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மகளின் முகம் சுருங்கிப்போனது.

டீச்சர் பக்கத்தில் வந்தார். கோபமில்லை.

"பத்து மணிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேம்மா. நீங்க வர்றப்ப பத்தே முக்கால். அந்தப் பொண்ணுக்குப் பட்டுனு சத்தம் கேட்டா தாங்காது. போன ரெண்டு விழாவுக்கும் தனியா வராண்டாவுலதான் உக்காந்திருந்தா. இன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள இருக்கா."

தையல்காரம்மா தட்டிய கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அதற்குள் மகளும் டெஸ்குக்கு அடியில் நுழைந்திருந்தாள். சிறுமியைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஆட்டினாள்.



கொஞ்ச நேரம் கழித்து டெஸ்க் விளிம்புக்கு மேலே இரண்டு குட்டிக் கைகள் எழும்பி, விரல்களை ஆட்டின.

"அப்பாடா! வராண்டாவுக்குப் போகலை" என்றார் டீச்சர்.

தையல்காரம்மாவுக்கு உயிர் வந்தது. அசடு வழியச் சிரித்தாள்.

"சத்தமில்லாம கை தட்டறது... நல்ல யோசனைதான் டீச்சர். உங்களுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ!"

"எனக்கெங்கம்மா தோணுச்சு? உங்க மக சொல்லிக்குடுத்தது. வீட்டுல தம்பிப் பாப்பா தூங்கறப்போ வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து காட்டினா, அம்மா இப்படித்தான் கை தட்டுவாங்களாமே?"