பஞ்சு யார் கையில் வாங்கும்?

"வாயைத் திறடா பஞ்சு. ஒரே ஒரு வாய். அக்காவுக்காக!"

பஞ்சு அலகை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. சிரிஞ்சில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

"நாலு நாளா இதே கூத்து. என்மேல என்னடா கோபம் உனக்கு?" அக்காவின் முகம் சுண்டிப்போனது.

கதவோரம் நின்ற தங்கைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. பதினைந்து வயது, வீட்டில் பேர் வாலு. கிளிக்குஞ்சு வேண்டுமென்று அடம்பிடித்தவள் அவள். பஞ்சு என்று பேர் வைத்தவளும் அவள்தான். ஆனால் இறகு முளைக்காத நாளிலிருந்து ஊட்டுவது அக்கா. கூழில் தெர்மாமீட்டரை விட்டுச் சூடு பார்ப்பாள். தொண்டைக்குக் கீழே தீனிப்பை காலியாகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலையில் முதல் வேளை. வாலு சிரிஞ்சைத் தொட்டால் போதும், "வேகமா அமுக்கினா மூச்சுக்குழாய்ல போயிடும், வை கீழே!"

அதனால், வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டாலே பஞ்சு சிறகடித்துக் கத்தும். வாலு போனால் கொட்டாவி விடும். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"ஆறு மணிக்கு நான் ஊட்டிப் பாக்கவா?"

"பாரேன்."

ஆறு மணிக்கு வாலு நீட்டியதும் பஞ்சு தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டது.

"பாத்தியா! ஆள் தெரிஞ்சுதான் வாங்குது" என்று குத்தினாள். அக்கா வெகுநேரம் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மருந்துக்கடை வேலை முடிந்து அக்கா வருவது நாலு மணிக்கு. பரீட்சை லீவில் இருந்த வாலு, மூணு மணிக்கே திருட்டுத்தனமாக ஊட்டி முடித்துவிடுவாள். வயிறு முட்டக் குடித்த குஞ்சு அக்காவுக்கு எப்படி வாய் திறக்கும்?

ஐந்தாம் நாள் பஞ்சு யாருக்குமே வாய் திறக்கவில்லை. உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. தீனிப்பை கல் மாதிரி கிடந்தது. அலகில் புளித்த வாடை.

பறவை டாக்டர் தடவிப் பார்த்தார். "பழசு செரிக்கறதுக்குள்ள மேல மேல ஊட்டியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். எண்ணி நாலு வேளை. அதுவும் சரியா வாங்கறதில்ல" என்றாள் அக்கா.

"அப்போ உள்ள வேற ஏதோ பெரிய கோளாறு. கடுமையான மருந்துதான் போடணும். இத்துணூண்டு உடம்பு, தாங்குமான்னு தெரியல."

வாலு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் அக்கா இனி முகத்திலேயே முழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் பஞ்சு போய்விடும்.

"நான்தான் டாக்டர்! மூணு மணிக்கு நான் குடுப்பேன், அக்காவுக்குத் தெரியாம. காலியாச்சான்னு தொட்டே பாக்காம மறுபடி ஆறு மணிக்கும்..."

டாக்டர் அவளை முறைத்தார். "நல்ல நேரத்துல சொன்னே. அந்த மருந்தே வேணாம். தீனிப்பையைக் கழுவி விட்டுடறேன், பொழச்சுக்கும்." பஞ்சுவை உள்ளே எடுத்துப் போனார்.

வெளியே பெஞ்சில், அறை விழும் என்று வாலு கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அதுக்கு என்னைப் பிடிக்காமப் போகலையா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. வயிறு நெறஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். பொறாமைல பண்ணிட்டேன். ரெண்டு அடி அடிச்சுடு, பேசாம மட்டும் இருக்காத."

அக்கா அடிக்கவில்லை. அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வெளியூர்ல எனக்கு ஒரு நல்ல வேலை வந்துச்சுடி. குஞ்சுக்கு ஊட்டணும்னு சாக்குச் சொல்லி ஒரு மாசமாத் தள்ளிப்போட்டேன். நெஜத்துல உன்னை விட்டுட்டுப் போக மனசு வரல. நேத்து நீ ஊட்டினதைப் பாத்ததும், இனிமே உங்க ரெண்டு பேருக்குமே நான் வேணாம்னு தோணிச்சு. இன்னிக்குக் காலைலதான் வர்றேன்னு எழுதிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."