மூன்றாவது உறுப்பினர்

கட்சியைக் கலைக்க வேண்டும் என்று கையை உயர்த்தியவர் கியாட். வேண்டாம் என்று உயர்த்தியவர் சூன்.

இத்தாலியில், கட்சியின் பலேர்மோ கிளையில் அவர்கள் இருவர்தான். என் கணவர் கியாட் தலைவர். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு அருகில் தோல்பைக் கடை வைத்திருந்த சூன் செயலாளர். இருவரும் இந்தோனேசியாவின் மேடான் நகரத்தில் பிறந்த சீனர்கள்.

தொண்ணூற்றெட்டு மே கலவரத்தில் அங்கே சீனர்களின் கடைகள் எரிந்தன. கியாட்டின் தம்பியின் கடையும் எரிந்தது. பிறகு அங்கே சீனர்களுக்கென்று ஒரு கட்சி வந்தது. அதன் பெயரில் ‘சீனர்’ என்ற சொல் இருக்கலாமா என்று சண்டை வந்தது. இருக்கத்தான் வேண்டும் என்றவர்கள் பிரிந்துபோனார்கள். பலேர்மோவில் இருந்தபடியே கியாட் அவர்களோடு போனார்.

பிரிந்த கட்சி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. மாசியில் ஜகார்த்தாக்காரர்களே அதை மூடிவிட்டார்கள். மிஞ்சியது பல்லரோச் சந்தைக்கு மேலே, நான்காம் மாடியில், எங்கள் சமையலறை மேசை மட்டும்தான்.

இப்போது அங்கேயும் ஒன்றுக்கு ஒன்று. வேறு வழியில்லாமல் என்னை உறுப்பினராக்கினார்கள்.

“மன்னார்க்காரியைச் சீனக் கட்சியில சேர்த்தாச்சு. இனி எங்களை ஆரும் இனவாதி எண்டு சொல்லேலாது,” என்றார் கியாட். என்னிடம் படித்த தமிழ். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நுரையீரல் பழுதான பிறகு அவர் படி இறங்குவதில்லை. என்னோடு தமிழ் பேசுவார், இத்தாலியன் பேசுவார். அவருடைய தாய் பேசிய ஹொக்கியன் மொழியை அவரோடு பேச இந்த ஊரில் சூன் ஒருவர்தான். அவரும் கட்சிக் கூட்டம் என்றுதான் ஞாயிறுதோறும் வந்தார்.

கட்சி இல்லையென்றால் எதைச் சொல்லிக்கொண்டு வருவார்?

நான் சூனின் பக்கம் கையை உயர்த்தினேன்.

“என்ரை மனிசியே எனக்கு எதிர்க்கட்சி!” என்று கியாட் தலையில் கைவைத்தார்.

சூனை வழியனுப்பப் படியிறங்கினேன். பாதி வழியில் நின்று இத்தாலியனில் மெதுவாகச் சொன்னார். தாய்க்கட்சியை விட்டு அவர் விலகவே இல்லையாம். ‘சீனர்’ என்ற சொல் பெயரில் வேண்டாம் என்பதுதான் இன்றைக்கும் அவருடைய எண்ணமாம். கியாட் தனியாளாகக் கட்சி நடத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செயலாளரானாராம்.

கியாட்டுக்குத் தெரியவே கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே வந்தபோது கியாட் கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“சொல்லிப்போட்டானோ?”

நான் கதவைச் சாத்தினேன்.

“எனக்கு முதலே தெரியுமப்பா. பாவம், அவனை விட்டுவிடுவம் எண்டுதான் கலைக்கப் பார்த்தன். போகமாட்டனெண்டு நிக்கிறான். எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதையும், வெக்கப்படுவான்.”

அந்த ஆனியில் இந்தோனேசியாவில் நடந்த தேர்தலுக்கு முன்பே கியாட் போய்விட்டார்.

சூன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். கடைசிவரை கியாட்டிடம் சொல்லாமல் இருந்ததற்காக, எழும்பிப் போகும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொல்கிறார்.

நான் பரவாயில்லை என்கிறேன்.