ஈரத் துண்டு

ஓய்வுபெற்ற பிறகு, அக்டோபர் வந்தால் நசுருதீன் தன் நாய் பாதாமைக் காரில் ஏற்றிக்கொண்டு பிரிட்ஜ்வாட்டர் ஊரைத் தாண்டிப் பண்ணைச் சாலைகளில் போவார். உதிர்ந்த இலைகளில் நடந்துவிட்டுத் திரும்பும்போது, கராஜ் கதவருகே மனைவி மெஹர் ஈரத் துண்டோடு நிற்பாள்.

"நாலு காலையும் தொடைக்காம உள்ள விடமாட்டேங்க. தொழுவுற வீடு."

மெஹர் இந்த ஏப்ரலில் இறந்துபோனாள். துண்டை அவர் தூக்கிப் போட்டுவிட்டார். பாதாம் மட்டும் இன்னும் அந்தக் கதவருகே நின்று, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறது. மழை நாளிலும் கார்ப்பெட்டில் சேறு படிவதில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நடந்துகொண்டிருக்கும்போது டாலஸிலிருந்து மகள் ரிதா கூப்பிட்டாள்.

"அத்தா, ஜஸ்ட் செல் த ஹவுஸ். கிவ் த டாக் டு சம்படி."

"சரிம்மா. வித்துட்டு டிசம்பர்ல அங்கயே வந்துடுறேன்."

வீடு திரும்பினார்கள். பாதாம் நான்கு காலையும் காட்டிவிட்டு உள்ளே போனது. அதன் பின்னால் போவதற்காக அவர் ஷூவைக் கழற்றினார். ஈரமாக ஏதோ ஒன்று கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது. பாதத்தை நிதானமாகத் துடைத்தது. துடைத்த பிறகும் விடவில்லை.

உள்ளேயிருந்து பாதாம் திரும்பி, அவர் காலருகே பார்த்து வாலாட்டியது.