இன்னும் பண்ணாத தப்பு

"மறுபடியும் கெடுத்துட்டியா?"

கீழ் வீட்டுக் கரோலின் நீட்டிய கண்ணாடி ஜாடியை லுப்னா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே கொம்புச்சா, டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். மேலே தோசை போல மிதக்க வேண்டிய வெள்ளைப் படலம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை.

"நா இன்னாக்கா பண்ணுவேன்? நீ சொன்ன மாரியேதான் போட்டேன்."

"நான் சொன்ன மாதிரி போட்டா இது ஏண்டி சாவுது? முதல்ல கொதிக்கிற டீயை அது தலையில ஊத்தி அவிச்சே. அடுத்த தபா ஏலக்காய் டீத்தூள். அப்புறம், துணி கட்டுடின்னா மூடியைப் போட்டு இறுக்கி மூச்சை நிறுத்தினே. இப்ப இன்னா பண்ணே?"

கரோலின் தலையைச் சொறிந்தாள்.

லுப்னா சோதனைத்தாளை நனைத்துப் பார்த்தாள். "புளிப்பே ஏறலையே. பழைய கொம்புச்சா ஒரு டம்ளர் ஊத்தச் சொன்னேனே, ஊத்தினியா?"

"அய்ய... மறந்தே பூட்டேன்க்கா."

"தயிருக்கு உறை ஊத்த மறப்பியா? அந்தப் புளிப்புதாண்டி இதுக்குக் காவல். காவல் இல்லாத வூட்டுல தெருவுல போறதெல்லாம் வந்து குந்திக்கும்!"

துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஹாரனையும் மீறி அந்தக் குரல் மாடிப்படியெங்கும் கேட்டது.

கத்தினாலும், தன் ஜாடிப் படலத்திலிருந்து ஓர் அடுக்கைப் பிரித்து, புளித்த டீயோடு கரோலினிடம் கொடுத்தனுப்பினாள் லுப்னா.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சௌக்கத் அலி மனைவியைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்குத்தான் வரலையே. விட்டுடேன்."

"எப்படி விடுறது? என் கைப்பட்ட சரக்கு கெட்டுச்சுன்னா ராயபுரம் யாரைச் சொல்லும்?"

அந்தக் குரலைக் கேட்டு சௌக்கத் அலிக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஓர் எண்ணெய்க் கம்பெனியில், சரக்கின் தரத்தைச் சோதிக்கும் லேபில் இருந்தவள் லுப்னா. அவள் கையெழுத்து விழாமல் ஒரு டின்கூட கேட்டைத் தாண்டியதில்லை. போன வருஷம் அந்த லேபையே மூடிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியவள்தான். வேலைக்குப் போகலையா என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, படியிறங்குவதையே விட்டுவிட்டாள். கடல்காற்றுகூட ஜன்னல் வழியாகத்தான் அவளைப் பார்க்க வந்தது.

வீட்டுக்குள்ளே அவளுக்கு மிச்சமிருந்த பெருமை அந்த ஜாடி ஒன்றுதான். அவள் போட்ட கொம்புச்சா ஒருமுறைகூடக் கெட்டதில்லை.

மறுநாள் காலையிலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. தப்பு கரோலின் கையில் இல்லை, அவள் சமையலறையில்தான் இருக்க வேண்டும். நேரில் பார்த்தால் தெரிந்துவிடும். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சோதனைத்தாள் டப்பாவோடு கிளம்பினாள்.

படியில் எதிரே வந்தார் அடுத்த போர்ஷன் பக்தவச்சலம். "இன்னா மேடம், வேலைக்கா?"

"ஆமா, இன்ஸ்பெக்‌ஷன். கொஞ்சம் வழி வுடுங்க."

கீழ் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான், தான் படியிறங்கி வந்திருப்பது அவளுக்கே உறைத்தது.

முன்பின் பார்த்திராத இளம்பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"பாட்டில் வாங்க வந்தீங்களாக்கா? அண்ணி கடைக்குப் போயிருக்கு. நா ஜெஸ்லின், நாத்தனாரு. நேத்துதான் காலடிப்பேட்டைலேந்து வந்தேன். உங்களுக்கு இஞ்சியா, நன்னாரியா?"

லுப்னா அவளைத் தாண்டிப் பார்த்தாள். சமையலறை மேடையில் வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி. கிட்டே போய் ஒன்றை அவிழ்த்தாள். பால் நிறத்தில் தடித்த படலம். அதன் அடியில் முத்துமுத்தாகக் குமிழ்கள். சுத்தமான புளிப்பு வாசனை. தாளை நனைத்துப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

"இதெல்லாம் யார் போட்டது?"

"எங்க அண்ணிதான். மாடில ஒரு லேப் மேடம் கீறாங்களாம், அவங்க சொல்லிக் குடுத்ததாம். யாரு வாங்க வந்தாலும், 'அந்த மேடம் பாஸ் பண்ண சரக்கு'ன்னு சொல்லித்தான் அண்ணி குடுக்கும்."

லுப்னாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அப்புறம்தான் கேட்டாள்: "அப்போ அந்தப் பூஞ்சை பிடிச்ச ஜாடி?"

ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது வேணும்னே கெடுக்கிறதுக்கா! அந்த மேடம் வேல போன வெக்கத்துல கதவச் சாத்திகினு கீறாங்களாம். 'ஆறுதல் சொல்லப் போனா அக்கா மூஞ்சியத் திருப்பிக்கும்டி. தப்பு பண்ணிகினு போய் நின்னாத்தான் எந்திரிச்சு வரும்'னு அண்ணி சொல்லிச்சு. அதுக்காவ ஒரு ஜாடியக் கெடுத்துகினு மேல போயி, நல்லா திட்டு வாங்கிகினு வரும். பாவம், இப்ப தெரிஞ்ச தப்பெல்லாம் தீந்து பூச்சு. புதுசா இன்னா தப்பு பண்லாம்னு நேத்துலேந்து போன்ல தேடிகினு கீது."

லுப்னா அவிழ்த்த துணியை மறுபடி ஜாடியின் வாயில் கட்டினாள். முடிச்சைச் சரிபார்த்தாள். ஓர் இஞ்சி பாட்டிலை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், நின்று திரும்பினாள்.

"இந்தத் தபா சக்கரையே போட வேணாம்னு சொல்லு. அந்தத் தப்பை உங்க அண்ணி இன்னும் பண்ணலை."

"சொல்றேன்க்கா. யாரு சொன்னதுன்னு கேட்டா?"

"பாட்டில் வாங்க வந்தவங்க யாரோன்னு சொல்லு" என்றாள் லுப்னா.